வீண் அசைவு

வித்யாசாகரை நாங்கள் அடித்துக் கொன்றது அவரே கோடு போட்டுக் கொடுத்த இடத்தில்தான். லைனின் நடுவில், மஞ்சள் பெயிண்ட் அடித்த சதுரத்துக்குள். யாரும் நடக்க வேண்டாம், எட்டிப் பிடிக்க வேண்டாம், கையை நீட்டினால் வேண்டியது கிடைக்கும் என்று சொல்லித்தான் அந்தச் சதுரத்தைப் போட்டார். அன்றைக்கு நாங்கள் கையை நீட்டினோம். அவர் அங்கே இருந்தார்.

என் பெயர் ஜெசிந்தா. ஒரகடம் தாண்டி, கார் கதவுக்கான தகடுகளைப் பிரஸ்ஸில் அழுத்தி வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மேலே இருப்பவர்கள் திட்டினாலும் முன்னால் போய் நிற்க வேண்டும், கீழே இருப்பவர்கள் திட்டினாலும் முன்னால் போய் நிற்க வேண்டும். என் லைனில் என்னைச் சேர்க்காமல் ஆறு ஆபரேட்டர்கள், கடைசியில் நின்று தகட்டைத் தடவிச் சரிபார்ப்பது நான். தகடு சுமந்து வரும் தள்ளுவண்டிக்குக் கனகவல்லி. அவள் புருஷன் துரைக்கண்ணுதான் முதல் பிரஸ்ஸில் நின்றான்.

லைனைச் சீரமைக்கக் கம்பெனி வரவழைத்த இன்ஜினியர் வித்யாசாகர். அவர் வருவதற்கு முன் எங்கள் லைன் நீளமாக இருந்தது. ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவில் தகடு மலையாகக் குவிந்து கிடக்கும். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தே எங்கள் முழங்கால் தேய்ந்தது. அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நாள்கணக்கில் எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் நடையை ஒரு தாளில் வரைந்து காட்டினார். சிக்குப் பிடித்த நூல்கண்டு போல இருந்தது. "இவ்வளவு நடையும் தகடுக்கு ஒண்ணும் பண்ணலக்கா. தகடு வளையறதுதான் வேலை. மத்ததெல்லாம் வீண்" என்றார்.

மெஷின்களை லாட வடிவத்தில் நெருக்கிப் போட்டார். குவியல் ஒழிந்தது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஒவ்வொரு தகடாகப் போனது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. என் முதுகுவலி போனது. டீக்கடையில் அவருக்குக் காசு கொடுக்க விடாமல் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

அதற்கப்புறம்தான் கைச்சட்டை வந்தது.

தோளிலிருந்து விரல் கணு வரைக்கும் இழுத்து மாட்டும் கறுப்பு உறை. ஒரு கைக்கு ஒன்றாக ஜோடி. மேலே ஓடும் காற்றுக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய டியூப் வந்து அதில் சேரும். காற்று ஏறினால் உறை கையைக் கவ்விப் பிடிக்கும். வெளிநாட்டுக் கம்பெனி தயாரித்தது, இங்கே அதற்குப் பொறுப்பு வித்யாசாகர்.

"இது என் கைய ஆட்டுமா?" என்று கேட்டேன்.

"ஆட்டாதுக்கா. நீங்க ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சத இது முடிச்சு வைக்கும்."

"ஆரம்பிச்சத முடிக்க எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நடுவுல கை சும்மா நிக்குது. மூக்கச் சொறியுது, யோசிக்குது, பயப்படுது. அந்த நேரத்த இது எடுத்துடும். லைன்ல யாரு கை ஒரு வேலைய நல்லா செய்யுதோ, அதப் பாத்துக் கத்துக்கும். மத்தவங்க கையையும் அதே வழியில கூட்டிட்டுப் போகும்."

எங்கள் ஆட்கள் அதற்கு 'மச்சான்' என்று பெயர் வைத்தார்கள். கேட்காமல் தோள்மேல் கை போடுகிறவன், நாம் தொடங்கிய பேச்சைத் தானே முடிக்கிறவன் மச்சான்தானே. வெல்டிங்கில் நின்ற இசக்கிமுத்து அம்பாசமுத்திரத்துப் பையன். "எம் மச்சான் இன்னைக்கு நல்ல மூடுல இருக்காம்க்கா" என்பான். நாங்கள் சிரிப்போம். கை சிரிக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் வித்யாசாகரோடு நான் மல்லுக்கு நின்றேன். கரண்ட் போய் வந்தால் எங்கள் ஷாப்பில் எல்லோரும் மெஷினின் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முட்டி போடுகிறவள், நானும் தொடுவேன். துரைக்கண்ணுவுக்கு அடுத்த மெஷினில் நிற்கும் பஷீர் பாயும் தொடுவார். இரும்பு நம்மைக் கடிக்காமல் இருக்கட்டும் என்று கேட்பது, அதற்கு மதம் கிடையாது. வித்யாசாகர் அதையும் வீண் அசைவில் சேர்த்துவிட்டார். தொடப் போன கையை மச்சான் பாதியிலேயே மடக்கித் தகட்டின் பக்கம் திருப்பினான். அன்றைக்கு மதியம் ஒருத்தரும் லைனில் நிற்கவில்லை.

"எங்க கை எங்க மெஷினத் தொடக்கூடாதுன்னா, நீங்களே வந்து நில்லுங்க சார்" என்றேன்.

அவர் ஆளில்லாமல் நின்ற லைனை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "தப்புதான்க்கா. அதையும் ஒரு வேலையாவே சேத்துடறேன்" என்றார். சேர்த்தார். அன்றிலிருந்து, கரண்ட் வந்ததும் நாங்கள் லேசாகக் குனிந்தால் போதும், மச்சானே கையைக் கொண்டுபோய் மேடையில் வைத்து எடுப்பான். அழகாக வைப்பான். துரைக்கண்ணு இரண்டு கையாலும் நன்றாக உள்ளே விட்டுத் தொடுகிறவன். அவன் தொடுவதைத்தான் மச்சான் கற்றுக்கொண்டான்.

பழைய பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் பிரஸ்ஸுக்குள் இருக்க முடியாது, அதற்காக வைத்தது. கை எங்கே இருக்கிறது என்று மச்சானுக்குத் தெரியும்போது பட்டன் எதற்கு என்று அதை எடுத்தார்கள். கரண்ட் வந்த பிறகு, மச்சான் சொல்வது திரும்ப எட்டும் வரைக்கும், லைனைத் தொடங்கி வைக்கும் முதல் பிரஸ் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், அந்தக் காத்திருப்பையும் வித்யாசாகர் பிறகு வெட்டினார். நாங்கள் மேடையைத் தொட்டது அந்தக் காத்திருப்புக்குள்தான். தொடுவதை எங்களுக்காகச் சேர்த்தார், காத்திருப்பைக் கம்பெனிக்காக எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து வந்து நின்றோம். கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடித்து விளக்கு வந்தது. எல்லோரும் குனிந்தோம். என் கை மேடையைத் தொட்டு நெற்றிக்குத் திரும்பும்போது முதல் பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டது. தகடு இல்லாமல் பிரஸ் இறங்கினால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்தச் சத்தமும் இல்லை, தகட்டின் சத்தமும் இல்லை.

துரைக்கண்ணு முதலில் கத்தவே இல்லை. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கையும் பிரஸ்ஸுக்குள் இருந்தன. அவன் மேடையோடு முகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ரத்தம் மேடையின் விளிம்பு வழியாக அவன் வயிற்றில் இறங்கியது. பிரஸ் மேலே எழுந்தது, உறை அவன் கையை எடுக்க விடவில்லை, மறுபடி இறங்கியது. மச்சானுக்கு அவன் கை எங்கே என்று அதற்குள் தெரியாமல் போயிருந்தது. கையே இல்லாதபோது எங்கே என்று சொல்வான். இரண்டாவது தடவை இறங்கியபோதுதான் அவன் கத்தினான்.

பக்கத்தில் இருந்தவர்களின் கை அடுத்த தகட்டை எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வாய் அலறியது, கை தகட்டை வைத்தது. பஷீர் பாய் தன் கையைத் தன் உடம்போடு இழுத்துப் பிடிக்கப் பார்த்து முடியாமல் அழுதார். என் கையும் வந்த தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை அதன்போக்கில் விட்டுவிட்டு, லைனை நிறுத்துவதற்காகத் தூணில் இருந்த சிவப்புப் பட்டனில் தலையால் முட்டினேன். காற்று சீறி வெளியேறியது. பிரஸ் கீழே இறங்கியபடியே நின்றது. லைன் நின்றது.

தள்ளுவண்டியோடு வந்த கனகவல்லி அப்போதுதான் பார்த்தாள். வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போய் அவனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இழுத்தால் கை பிய்ந்துவிடும் என்று யாரோ கத்தினார்கள். அவள் இழுக்காமல், விடாமல், அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

வித்யாசாகர் மாடியிலிருந்து ஓடி வந்தார். நேராக அந்த மஞ்சள் சதுரத்துக்குள் வந்து நின்றார். துரைக்கண்ணுவை அவர் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார், கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "யாரு நிறுத்தினது? யாரு பட்டன அடிச்சது? இப்பவே ஸ்டார்ட் பண்ணணும். சீக்கிரம், லைன ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கத்தினார்.

கரண்ட் கொடுத்தால் பிரஸ்ஸை உடனே மேலே தூக்கிக் கையை விடுவித்துவிடலாம். அவர் சொன்னது அதைத்தான். பின்னால் யோசித்துப் பார்த்தால் எனக்கு அது புரிகிறது. அந்த நிமிஷத்தில் எங்கள் காதில் விழுந்தது, துரைக்கண்ணு கை பிரஸ்ஸுக்குள் இருக்கும்போது லைனை ஓட்டச் சொல்கிற ஒருவரின் குரல்.

கனகவல்லி திரும்பி அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். ஒன்றே ஒன்று. அறைந்துவிட்டு மறுபடி போய்த் துரைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் தடுமாறி பஷீர் பாய் பக்கம் சாய்ந்தார். பஷீர் பாயின் கை அவரை வாங்கியது, திருப்பியது, தாடையில் ஒன்று வைத்தது. அங்கிருந்து அவர் அடுத்தவர் பக்கம் போனார். அடுத்தவர் கை தயாராக இருந்தது. ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் கை குறுக்கே வரவில்லை. யாரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இசக்கிமுத்து அவர் நெஞ்சில் குத்தினான், என் பக்கம் வந்தார், நான் காதோடு சேர்த்து அடித்தேன். என் உள்ளங்கையில் எலும்பு நகர்ந்தது தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து. அவர் "அக்கா, கையி, அவர் கையி" என்று ஏதோ சொல்ல வந்தார், வாயில் பல் இல்லை. கீழே விழவும் எங்கள் கை விடவில்லை. விழப் போகும் தகட்டைப் பிடிப்பது போலப் பிடித்து நிமிர்த்தி அடுத்தவருக்குக் கொடுத்தோம். மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து எங்களைக் கம்பியால் அடித்துத்தான் விலக்கினார்கள். அதே கம்பியால் பிரஸ்ஸின் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் திருப்பி அதைத் தூக்கினார்கள். துரைக்கண்ணு பிழைத்தான். வித்யாசாகருக்கு முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள், கனகவல்லியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன பிறகு, மனிதவள மேலாளர் ஹரிகேசவன் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்களுக்கு ஜூஸ் கொடுத்தார்கள். உதடு கிழிந்த பஷீர் பாய் ஸ்ட்ராவை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குடித்தார்.

"நீங்க யாரும் அடிக்கல. இத முதல்ல மனசுல வாங்கிக்கங்க" என்றார் ஹரிகேசவன். "ஒரு கை ஒரு வேலைய செஞ்சா, மத்த கைகளும் அதக் கத்துக்கும். அதுதான அந்த உறை? ஒரு அம்மா அடிச்சாங்க, அது பாத்துக் கத்துக்கிச்சு, உங்க கைய ஆட்டுச்சு. அந்த வெளிநாட்டுக் கம்பெனி பதில் சொல்லட்டும். நாங்க அவங்க மேல கேஸ் போடறோம்."

"கனகவல்லி?" என்று கேட்டேன்.

"அவங்க கையில உறை இல்லையே. அதனால அது அவங்க அடி. மத்தது எல்லாம் மெஷின் அடி."

"அவ அடிச்சது ஒரு அறை சார்."

"கொலைக்கு ஒரு ஆள் போதும் மேடம்." குரலை உயர்த்தாமல், எங்கள் நல்லதுக்குச் சொல்கிறவர் போலச் சொன்னார். "லைனே மொத்தமா உள்ள போயிட்டா புதுசா ஆறு பேர எப்பப் பழக்கி, எப்ப ஓட்டறது? உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி. பிளஸ் டூ படிக்கும் என் மகளிடம் போய், "அம்மா கை இல்லம்மா, அது மெஷின்" என்று சொன்னேன். அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன். அன்றைக்கு எங்கள் கை போன லாகவத்தில் மனுஷத்தனமே இல்லையே, அது மச்சானாகத்தானே இருக்க முடியும்.

துரைக்கண்ணுவைப் பார்க்கச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு முழங்கைக்குக் கீழேயும் வெள்ளைக் கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் இட்லி ஆறிக் கிடந்தது.

"சாப்பிடலயா?"

"யாரு ஊட்டறது? நர்ஸம்மா ஊட்ட வந்தாங்க, எனக்கு வாயத் திறக்க வெக்கமா இருக்குக்கா. அவ எப்ப வருவா?"

நான் ஒரு விள்ளல் பிய்த்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆயுள் தண்டனைன்னு பேசிக்கறாங்க. அவளயும் எடுத்துட்டா நான் என்னா பண்ணுவேன், எனக்கு மூக்கு அரிச்சாக்கூட அவதான் சொறியணும். நீங்கதான லீடரு. நடந்தத நடந்தபடி சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"மெஷின் பண்ணுச்சுடா" என்றேன்.

"அப்ப அவள விடச் சொல்லுங்க" என்றான்.

ஒரு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் எல்லோரையும் லைனுக்கு வரச் சொன்னார். நடந்ததைச் செய்து காட்ட வேண்டும். வயதான மனுஷர், கண்ணில் தூக்கமில்லை, எங்களைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மஞ்சள் சதுரத்தில் வித்யாசாகர் உயரத்துக்கு ஒரு மணல் மூட்டையைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தரையைக் கழுவியிருந்தார்கள், பிரஸ்ஸின் இடுக்குகளைச் சரியாகக் கழுவவில்லை. கனகவல்லியைக் கைவிலங்கோடு கூட்டிவந்து தள்ளுவண்டியின் மேலேயே உட்கார வைத்தார்கள். அவள் முதல் பிரஸ்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறைய மாட்டிக்கங்க. மெதுவா செஞ்சு காட்டுங்க. அது எப்படி உங்க கைய ஆட்டுச்சுன்னு நான் பாக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாட்டினோம். ஹரிகேசவன் தலையாட்டினார், யாரோ காற்றைத் திறந்தார்கள். உறை என் கையைக் கவ்விப் பிடித்தது. தோளிலிருந்து விரல் வரைக்கும் இறுகியது. எத்தனையோ மாதம் பழகிய பிடிதான். அந்தப் பிடி கையில் ஏறிய அதே நிமிஷம் எனக்கு ஒன்று தெரிந்தது. வித்யாசாகரை அடித்தபோது இந்தப் பிடி என் கையில் இல்லை.

நான்தானே பட்டனை முட்டினேன். காற்று சீறிப் போனதை நான்தானே கேட்டேன். உறை பழைய பனியன் துணி மாதிரி தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே தொங்கும்போதுதான் அடித்தேன்.

பக்கத்தில் இசக்கிமுத்துவைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு உனக்கு இறுக்கமா இருந்துச்சாடே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்லக்கா" என்றான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பஷீர் பாயைப் பார்த்தேன். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இப்போதுதான் தெரிந்தது, அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது.

"ஆரம்பிங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூட்டையை அடிக்கக் கையை ஓங்கினேன். மச்சான் அதை வாங்கிக்கொண்டான். வழியில் மடக்கி, நேராகக் கொண்டுபோய்த் தகட்டு அடுக்கின்மேல் வைத்தான். மறுபடி ஓங்கினேன், மறுபடி தகட்டின்மேல் வைத்தான். மற்றவர்களுக்கும் அதேதான். அவன் அடிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தகடும், கும்பிடும்தான்.

இன்ஸ்பெக்டர் ஹரிகேசவனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சார் இது?"

"ரிப்பேர்ல இருக்கு சார். அன்னைக்கு இருந்த செட்டிங் வேற. நாம வேணா இன்னொரு நாள்..."

என் மகளின் முகம் மனதில் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, ஆறிப்போன அந்த இட்லியை நினைத்துக்கொண்டேன். தூண் பக்கம் திரும்பிச் சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அடித்தேன். காற்று சீறிக்கொண்டு போனது. ஆறு பேர் கையிலும் உறை தளர்ந்து தொங்கியது.

"என்ன பண்றீங்க மேடம்?" என்றார் ஹரிகேசவன். அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "நான் பட்டன அடிச்சேன், அதுக்கப்புறம்தான் அவர் உள்ள வந்தாரு. கனகவல்லி அடிச்சது ஒரு அறை. அதுக்கு அவர் சாகல."

"அப்ப யாரு அடிச்சது?"

மூட்டையை ஒரு அடி அடித்தேன். ஒன்று அடித்துக் காட்டிவிட்டு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். மூட்டை ஆடிக்கொண்டு பஷீர் பாய் பக்கம் போனது. அவர் கை அதை வாங்கியது, திருப்பியது, ஒன்று வைத்து அடுத்தவருக்கு அனுப்பியது. அங்கே கை தயாராக இருந்தது. அடுத்து இசக்கிமுத்து, அடுத்து நான். யாரும் கால் எடுத்து வைக்கவில்லை, யார் கையும் யார் கையிலும் இடிக்கவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சாக்கு கிழிந்து மணல் எங்கள் செருப்பின்மேல் கொட்டியது. இன்ஸ்பெக்டர் "போதும்" என்றார். "போதும்னு சொல்றேன்ல" என்று மறுபடி கத்தினார். வெறும் சாக்கு தொங்கிய பிறகுதான் கைகள் நின்றன.

இசக்கிமுத்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் அடிக்கணும்னு நெனைக்கவே இல்லக்கா" என்றான்.

"தெரியும்டே" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கனகவல்லியின் விலங்கைக் கழற்றச் சொன்னார். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?" என்று மட்டும் கான்ஸ்டபிளிடம் கேட்டுக்கொண்டு, தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு வெளியே போனாள்.

"நீங்க ஆறு பேரும் வந்து வரிசையா நில்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

போய் நின்றோம். யார் முதலில், யார் அடுத்து என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. துரைக்கண்ணு நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு, மெஷின் வரிசைப்படி நின்றுகொண்டிருந்தோம்.